எட்டில் ஒரு பங்கு தண்ணீர்

3 ஜூலை 1961, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடை இருந்தும் புடவைக் கரை நனைந்தது. காலேஜ் லேபில் இரண்டாம் ஆண்டுப் பெண்கள் பதினேழு பேரில் ஆறு பேர் பியூரெட்டைக் கழுவாமலே நிரப்புகிறார்கள். சொல்லிச் சொல்லித் தொண்டை வறட்சி.

அண்ணனுக்குக் கால் கட்டு இன்னும் பத்து நாள். கிளப்புக்குப் போக முடியாத எரிச்சல் முழுதும் என்மேல். கிளப் அலமாரியில் இருந்த தன் அமெரிக்க பாட்டிலை வீட்டுக்கு வரவழைத்தார். மாலை ஐந்துக்கு பார்மேன் முனுசாமி சைக்கிளில் கொண்டுவந்தான். மர்பி டவுன்காரன். இருபத்திரண்டு வருஷமாக அந்த அலமாரிச் சாவிகள் அவனிடம்தான். பாட்டிலை டவலில் சுற்றி, மழைக்கு மேலே ரப்பர்த் துணி.

பர்பன் விஸ்கி. அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த அமெரிக்க இன்ஜினியர் ஊர் திரும்பும்போது அண்ணனுக்கு இரண்டு பாட்டில் கொடுத்தார். ஒன்று கிளப்பில் திறந்தது. மற்றது எங்கள் பீரோவில், மூடிமேல் ஒட்டிய முத்திரைத்தாள் கிழியாமல். சோளத்தில் காய்ச்சி, உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் எட்டு வருஷம் வைத்ததாம். லேபிள் முழுக்கத் தற்புகழ்ச்சி. நம்பும்படியாக ஒன்றே ஒன்று: வீரியம் 107 புரூஃப்.

அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல காரமே இல்லையே. நெருப்பா இருக்கும்னானே அந்த ஆளு."

முனுசாமி சிரித்தான். "சோடாவ ரொப்பிட்டீங்களே ஐயா. நெருப்ப அணைச்சிட்டு நெருப்பு எங்கன்னா?"

அண்ணன் சிரிக்கவில்லை. அவன் போனதும் என்னிடம், "நீ கெமிஸ்ட்ரிதானே. லேபுக்குக் கொண்டுபோய்ப் பாரேன்."

சரியென்றேன். என் படிப்பால் ஒரு காரியம் ஆக வேண்டுமென்று இந்த வீட்டில் கேட்டது இதுவே முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

5 ஜூலை, புதன்

மழை இல்லை. மூன்று மணிக்கு மேல் லேப் காலி. நிறமும் மரச்சத்தும் கணக்கைக் கெடுக்கும் என்பதால் முதலில் வாலையில் காய்ச்சி வடித்தேன். பிறகு அடர்த்திக் குப்பியில் மூன்று தடவை எடை. நான்காம் தசமம் வரை ஒத்துப்போயிற்று. என் எம்.எஸ்ஸி. காலத்து அட்டவணைப் புத்தகத்தில் பார்த்தால் 93½ புரூஃப்.

107 இருக்க வேண்டிய இடத்தில் 93½. கணக்குப் போட்டேன்: எட்டில் ஒரு பங்கு தண்ணீர். இவ்வளவு சுத்தமாக ஒரு விடை வந்து எத்தனை நாளாயிற்று.

கொண்டுபோனதில் கொஞ்சம் மீந்தது. கொட்டியிருக்கலாம். தராசு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கூஜா மூடியில் ஊற்றினேன். குறித்தது:

நிறம்: கருப்பட்டிப் பாகு. வெளிச்சத்தில் செம்பு.
மணம்: முதலில் மூக்கு எரிச்சல். பொறுத்தால் புது மேஜை இழுப்பறை, லவங்கம், ஐஸ்கிரீம் எசன்ஸ்.
நாக்கு: சுட்டது. நன்றாகவே சுட்டது. அடியில் தித்திப்பு, பிறகு கஷாயத் துவர்ப்பு.
ஐந்து சொட்டுத் தண்ணீர் விட்டால்: ஆரஞ்சுத் தோல். எங்கிருந்து?
விழுங்கிய பின்: நெஞ்சில் வெகுநேரம் வெல்லம் கருகிய வாசனை.

நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவை. பிடித்திருந்தது. இரண்டு ஏலக்காய் மென்றுவிட்டு பஸ் ஏறினேன்.

6 ஜூலை, வியாழன்

அண்ணனிடம் சொன்னேன். "எட்டில் ஒரு பங்கு. மூன்று தடவை பார்த்தேன்." வேறு யாராவது கேட்டாலும் சொல்வேன் என்று சேர்த்துச் சொன்னேன். யாரும் கேட்கவில்லையே, எதற்குச் சொன்னேன்?

கிளப் செக்ரெட்டரிக்கு அண்ணன் போன். "என் தங்கச்சி எம்.எஸ்ஸி. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்றவ இல்ல."

8 ஜூலை, சனி

முனுசாமியை நிறுத்திவிட்டார்கள். பார் அறையில் எல்லா ஆட்களையும் வரிசையாக நிற்கவைத்து என் கணக்கை வாசித்தார்களாம். மறுத்தானா என்று கேட்டேன். "லேப் ரிப்போர்ட் இருக்கும்போது மறுத்து என்ன?" என்றார் அண்ணன்.

நாக்கு சுட்டதே என்று ஒரு நினைப்பு. புதிதாகக் குடிப்பவளுக்கு எதுவும் சுடும்.

அண்ணனுக்கு இந்த பாட்டில் வெறுத்துவிட்டது. "கலப்படச் சரக்கு, கொட்டிடு." கொட்டவில்லை. தினமும் ஆறு மணிக்கு, என் அறையில், இரண்டு ஸ்பூன்.

14 ஜூலை, வெள்ளி

அண்ணனுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. அந்தக் குஷியில் பீரோ பாட்டிலைத் திறந்தார். முத்திரைத்தாளை நானே கிழித்தேன். தண்ணீர் கலக்காத அசல் எப்படியிருக்குமென்று தெரிய வேண்டும் எனக்கு. அது ஆராய்ச்சி ஆசை இல்லை, குடிக்கும் ஆசை.

பழையதின் கடைசி இரண்டு ஸ்பூன் ஒரு டம்ளரில், புதியது இன்னொன்றில். மாற்றி மாற்றி. ஒரு வித்தியாசமும் இல்லை. அதே இழுப்பறை, அதே ஆரஞ்சுத் தோல், அதே சூடு.

புதியதில் கொஞ்சம் மருந்துப் புட்டியில் எடுத்துக்கொண்டு லேபுக்குத் திரும்பப் போனேன். வாட்ச்மேனிடம் கண்ணாடியை மறந்துவிட்டதாகப் பொய்.

93½.

15 ஜூலை, சனி

அட்டவணையின் அதே பக்கத்தில் அடிக்குறிப்பு. பொடி எழுத்து. நம் புத்தகத்தில் இருப்பது பிரிட்டிஷ் புரூஃப், அமெரிக்கர்களின் அளவு வேறு. அவர்கள் நூறு என்பது நம் எண்பத்தேழரை. எட்டில் ஏழு. அவர்களின் 107-ம் நம் 93½-ம் ஒரே சரக்கு. பெங்களூர்ச் சேர் எடையும் மெட்ராஸ் சேர் எடையும் ஒன்றல்ல என்று காய்கறிக்காரிக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாகப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்: எண்ணை நம்பும் முன் அலகைப் பார்.

அண்ணனிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"இப்ப என்ன பண்ணணும்ங்கற?"

"கமிட்டிக்கு எழுதணும்."

"என்னன்னு? என் தங்கச்சிக்குக் கணக்கு தப்பாப் போச்சுன்னா? சும்னே இரு. வேற எங்கயாவது அவனுக்குச் சொல்லி வைக்கிறேன்."

"அவன் திருடினான்னு சொன்னது அப்படியே இருக்குமே."

"முனுசாமி மறந்துடுவான்."

எழுந்து வந்தேன். ஒரு நிமிஷம், ஒரு நிமிஷந்தான், அவர் சொல்வது நிம்மதியாக இருந்தது.

16 ஜூலை, ஞாயிறு

மர்பி டவுன். சேறு. மூன்று பேரிடம் வழி கேட்டேன். மூவருமே, "பார்மேன் வூடா?" என்றார்கள். இன்னும் பார்மேன்.

முனுசாமி வீட்டில் இருந்தார். பழுதான குடை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். அவர் மனைவி எழவில்லை. அரிசியில் கல் பொறுக்கியபடி,

"எட்டுல ஒரு பங்காமே? எங்க தெருப் பால்காரன் பாதிக்குப் பாதி ஊத்துறான். அவன் வேல போவல பாரு."

"நீ சும்மா கெட," என்றார் முனுசாமி.

"நான் இன்னாத்துக்கு சும்மா கெடக்கணும்? இந்த மனுசன் அத மோந்து பாத்ததோட சரி. வாயில வச்சதில்ல. படிச்சவங்க சொல்லிட்டாங்கன்னு எங்கண்ணனே கேக்குறான், நெசமான்னு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அளவு வேறு என்பதை விளக்கப் போனேன். முனுசாமி கை காட்டி நிறுத்தினார்.

"அது எனக்கு இன்னாத்துக்கும்மா. தண்ணி இருந்துச்சா, இல்லையா?"

"இல்லை."

"சரி."

கமிட்டிக்குக் கடிதம் எழுதப்போவதாகச் சொன்னேன். குடைக்கம்பியைப் பார்த்தபடியே சொன்னார்.

"கடுதாசிய செக்ரெட்டரி படிச்சு டிராயர்ல போடுவாரு. வேல குடுப்பாரு, தெரியும். ஆனா அன்னிக்கு பார் ரூம்ல நிக்க வச்சுப் படிச்சாங்க. வாயத் தொறந்து சொன்னாங்க. அதே எடத்துல வாயத் தொறந்து இல்லன்னு சொல்லணும். நீங்க சொல்லணும்."

"பார் ரூமுக்குள் பெண்கள் வரக்கூடாது என்று விதி இருக்கிறதே."

"நாந்தானேம்மா அந்தப் போர்டத் தொடைக்கிறது. எனக்குத் தெரியாதா?"

மனைவி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை. சொல்வாள் என்று ஏன் எதிர்பார்த்தேன்?

19 ஜூலை, புதன்

கடிதம் திங்களன்றே கொடுத்தாயிற்று. இன்று செக்ரெட்டரி போன். முனுசாமியைத் திரும்ப எடுக்கத் தடையில்லை, ஆனால் நான் வருவது "தேவைதானா, மேடம்?" தேவை என்றேன். லவுஞ்சில் காபி சாப்பிட்டபடி பேசலாமே என்றார். வேண்டாம் என்றேன். கடைசியில் சம்மதித்தார்: சனிக்கிழமை பதினொன்றுக்கு, பார் திறக்கும் முன், ஐந்து நிமிஷம்.

அண்ணன் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. கிளப்பில் முகம் காட்ட முடியாதாம். புது பாட்டிலைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். ஆறு மணிக்கு ஞாபகம் வந்தது. முனுசாமி முகம் அல்ல, வெல்லம் கருகிய வாசனை. இதை யாரிடம் சொல்வது.

22 ஜூலை, சனி

வெயில். நீலக்கரை கைத்தறி. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பார் அறை நினைத்ததைவிடச் சின்னது. ஆட்கள் ஒன்பது பேர் வரிசையாக. முனுசாமி சீருடை இல்லாமல், சலவைச் சட்டையில், ஓரமாக. மெம்பர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அண்ணன் வரவில்லை.

தமிழிலேயே சொன்னேன். என் பெயர், படிப்பு, நான் போட்ட கணக்கு, அதில் என் தவறு. மூடிய பாட்டிலும் திறந்த பாட்டிலும் ஒன்று. முனுசாமி தண்ணீர் கலக்கவில்லை.

கண்ணாடி போட்ட ஒரு மெம்பர், இங்கிலீஷில், சிரித்தபடி: மேடம் எதற்காக மூடிய பாட்டிலைச் சோதிக்கப் போனார்?

அண்ணன் திறந்தார் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும்கூட.

"குடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே ருசி. அதனால் சந்தேகம் வந்தது," என்றேன். தமிழில். ஆட்களில் யாரோ இருமினார்கள். காதுவரை சூடு.

முனுசாமி ஓரத்திலிருந்து, "எவ்ளோ தண்ணி இருந்துச்சும்மா?"

"ஒரு சொட்டும் இல்லை."

"அடுப்பாண்ட ரெண்டு பேர் நிக்கிறாங்க. அவுங்களுக்குக் கேட்டிருக்காது."

சமையலறைக் கதவுப் பக்கம் திரும்பி, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பேசும் குரலில், இன்னொரு தடவை சொன்னேன்.