கருகாத கேக்

யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு இன்னும் பத்து நாள். முல்லைத்தீவுக் கடையில் வனிலா எசன்ஸ் போத்தல் ஒன்று கீழே விழுந்து உடைந்தது. வெங்காயத்தையும் கருவாட்டையும் மீறி அந்த வாசம் ஏறியது. வாங்க வந்ததை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். உனக்கு எழுதவேண்டும் போலிருந்தது. மண்ணுக்குள் போனவளுக்கு எந்தத் தபாற்காரன் கொண்டுவந்து தருவான் என்று நீ கேட்பாய். கேட்டுக்கொள்.

உன்னைப் பெண் பார்க்க வவுனியாவிலிருந்து ஆட்கள் வரும் நாளுக்கு ஒரு கேக் வேண்டும் என்றாய். உங்கள் வீட்டில் கேக் சுடும் போறணை இல்லை. எங்கள் குசினியில், மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி அப்பா செய்த போறணை இருந்தது. முதல்நாளே வந்து எங்கள் அலுமாரியைத் திறந்து, பள்ளிக்கூடம் பார்க்க வரும் பரிசோதகர் போல ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தாய். எசன்ஸ் போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பொடி எழுத்தை வாசித்தாய்.

“இது சாராயச் சத்திலை கரைச்சது. வேண்டாம்.”

“ரெண்டு துளிதானேடி. சூட்டிலை பறந்திடும்.”

“பறக்கிறது பறக்கட்டும். நான் ஊத்தமாட்டன்.”

மாஜரின் டின்னையும் ஒதுக்கினாய். எந்த மிருகத்தின் கொழுப்பென்று அதில் எழுதியிருக்கவில்லை.

“அப்ப டின்னைச் சத்தியம் பண்ணச் சொல்லுவமே?”

“உங்கடை மாதா கோயில் சுவாமியாரிட்டைக் கூட்டிக்கொண்டு போ. பாவசங்கீர்த்தனம் செய்யட்டும்.”

கடைசியில் உங்கள் வீட்டு எருமைத் தயிரில் கடைந்த வெண்ணெய், ரோசாப்பூப் பன்னீர், ஏலக்காய், தேசிக்காய்த் தோல் என்று முடிவாகியது.

எனக்குக் கோபம் வரவில்லை. நாம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் இன்னொரு ஆசிரியை இருந்தாவே, குளத்துக்குக் கீழே அரசாங்கம் குடுத்த வயற்காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மீன்பிடிக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தால் அவாவுக்கு வருடம் முழுக்க விரதம். தண்ணீர்கூட இறங்காது. அவா மறுத்தது எங்கள் கையை. நீ உன் மார்க்கம் விலக்கிய சாராயத்தையும் பன்றியையும் மட்டும் தள்ளிவிட்டு எங்கள் கோப்பையில் தேத்தண்ணி குடித்தாய். உன்னிடம் நான் பிழை விடக்கூடாது என்று நினைத்தது அதனால்தான்.

மறுநாள் முட்டையை நான் அடித்தேன். தட்டை ஆயத்தம் செய்தது அம்மா. பொன்னிறமாய் வந்த கேக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு நான் புறப்படும்போது அம்மா பெருமையாய்ச் சொன்னா:

“ஒட்டாமல் வந்திட்டுது, பாத்தியே? பண்டிக் கொழுப்பைத்தான் தட்டிலை தடவினனான்.”

கத்தினேன்.

“ஏன் குழறுறாய்? தெரியாமல் திண்டால் ஒண்டுமில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கொண்டுபோய்க் குடு.”

இன்னொன்று சுட நேரமில்லை. உங்கள் வீடுவரை நடந்தேன். சொன்னால் உன் வாப்பா இனி உன்னை எங்கள் வாசலுக்கு விடமாட்டார். சொல்லாவிட்டால், நீ என்னை நம்பி அதை உன் வாயில் வைப்பாய். வந்தவர்களின் வாயிலும் வைப்பாய். நான் பின்வாசலால் நுழைந்தபோது விருந்தாட்கள் முன்னறையில் இருந்தார்கள். நீ கேக்கை வாங்கிக் கத்தியை எடுத்தாய்.

“வெட்டாதை. தட்டிலை அம்மா பண்டிக் கொழுப்புத் தடவிப்போட்டா.”

கத்தியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாய். முன்னறையிலிருந்து குரல் வந்தது: “கேக்கைக் கொண்டு வாங்கோ, பிள்ளை!”

நீ வெறுங்கையோடு போனாய்.

“கேக் இல்லை மாமி. நான் கருக்கிப்போட்டன்.”

வந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள். “கேக்கையே கருக்கிற பிள்ளை சோத்தை என்ன செய்யுமோ!”

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வந்து “அவளில்லை, பிழை எங்கடை வீட்டிலை” என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு இருவருமாகக் கொல்லையில் குழி தோண்டிக் கேக்கைப் புதைத்தோம். ஒரு கிழமை நீ என்னோடு கதைக்கவில்லை.

கலியாணம் நடந்தது. மூன்றாவது பிள்ளைப்பேற்றில் நீ போய்ச் சேர்ந்தாய். நாற்பதாம் நாளுக்கு வவுனியாவுக்கு வந்து உன் மாமியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவா உன் கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டா.

“அண்டைக்குக் கருகின மணமே வரேல்லையே, மகள். ஆரையோ மறைக்கிறா எண்டு விளங்கினது. ஒரு நாள் கேட்டுப் பாத்தன். சிரிச்சுப்போட்டுப் போயிட்டா.”

இத்தனை வருடமும் அந்த வீட்டில் நீ அதைச் சொல்லவேயில்லை.

இப்போது என் கையால் ஆருக்கும் எதைக் கொடுத்தாலும், அதில் என்ன இருக்கிறதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா முகத்தைச் சுளிப்பா. சுளிக்கட்டும். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. அன்று குசினியிலிருந்து முன்னறைக்கு நாலு அடி. அந்த நாலு அடியை நான் வைக்கவில்லை.