சாவி வெளியே இருந்த விமானம்

இன்று மாலை செங்கம் சாலையில் நான் வேலை பார்க்கும் விடுதியில் கரண்ட் போனது. முதலாளி ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தார். பெட்ரோல் வாசனை உள்ளே வந்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். அறை கேட்டு நின்ற வெளிநாட்டுப் பெண் என்ன நினைத்தாரோ. எனக்கு உன் நினைவுதான்.

விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் தரை வேலைக்கு நாம் ஒன்றாகச் சேர்ந்தோம். சின்ன விமானங்களைக் கழுவுவது, பெட்ரோல் நிரப்புவது, கொட்டகைக்குள் தள்ளுவது. "நம்ம வேலைய சொன்னா பொண்ணு பாக்க வரவன் ஓடிடுவான்டி" என்று சிரிப்பாய். விமானத்தின் மூக்கில் விசிறி போலச் சுற்றும் ப்ரொப்பல்லர் பக்கம் போனால் மட்டும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். "சுத்தும்போது கண்ணுக்கே தெரியாது. நின்னா சாதுவா இருக்கும். ரெண்டையும் நம்பாத" என்பாய். செல்ஃபி எடுக்க முன்பக்கமாக நடந்த மாணவன் ஒருவனைக் காலரைப் பிடித்து இழுத்தாய். அதற்குத் திட்டும் வாங்கினாய்.

அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் வந்து நின்ற விமானத்தைச் சீக்கிரம் உள்ளே தள்ளச் சொல்லி அதிகாரி கத்தினார்.

"சாவி எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டாய். விமானி சாவியைத் தூக்கிக் காட்டினார். முன்சக்கரத்தில் இழுக்கும் கம்பியை மாட்ட முடியாமல் ப்ரொப்பல்லர் இறக்கை குறுக்கே நின்றது. கையால் ஒதுக்கினாய். என்ஜின் ஒரு முறை உறுமி, ப்ரொப்பல்லரைச் சுற்றிவிட்டு அடங்கியது. வால் பக்கம் நின்ற நான் சத்தத்தைத்தான் கேட்டேன்.

சாவியைத் திருப்பி அணைத்ததும் தீப்பொறியை நிறுத்த வேண்டிய ஒயர் உள்ளே அறுந்திருந்ததாம். அதனால் நீ கையால் தள்ளியதே ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தது போல ஆகிவிட்டது. ஆம்புலன்ஸில் உன் கையைப் பிடித்தபடி வந்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே நீ போய்விட்டாய்.

"அவங்க கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்றார் அதிகாரி, துக்கத்துக்கு வந்த இடத்தில், கீழ்பென்னாத்தூரில் உங்கள் வீட்டு வாசலிலேயே.

உன் அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். "சாவி வெளிய இருக்க சொல்ல எப்டிமா ஓடும்?" என்று நான் போகும்போதெல்லாம் கேட்பார். ஒயரைப் பற்றிச் சொல்வேன். தலையாட்டுவார். காபியைக் குடித்து முடிப்பதற்குள் மறுபடியும் கேட்பார். போன மாதம் அதைக் கேட்கவில்லை. வேர்க்கடலை மூட்டையில் சாய்ந்தபடி, "எம்பொண்ணு எதுனா தப்பு பண்ணிட்டாளாமா?" என்றார்.

"சாவிய நம்பிட்டாப்பா."

மூட்டையிலிருந்து நிமிர்ந்தார். "அது தப்பாமா?"

பஸ் ஏறி வந்துவிட்டேன். அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். நீ இருந்தால் உன்னைக் கேட்டிருப்பேன்.