ரதி புலம்பலின் நாலாவது அடி

டயகம,
10.02.2025

மருமகன் கிஷாந்துக்கு மாமன் பொன்னையா எழுதுவது,

இங்கே குளிரைத் தவிர எல்லாம் சுகம். உன் கொழும்பு அறையில் நான் ஒரே மூச்சில் பாடி, நீ பதிவு செய்த ரதி புலம்பல் தேயிலைத் தோட்டத்தையே ஆட்டிவிட்டது. மலையில் வேலை பார்வையிடுகிற கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளை நடுரோட்டில் போட்டுவிட்டு அழுதார். கண் துடைத்தே இரண்டு லேஞ்சு நனைந்தது. நானே பிழிந்து கொடுத்தேன். தலவாக்கலை பஸ் எல்லாவற்றிலும் அதுதான் ஓடுகிறது.

தப்பு அடிக்கிற மதுரன் மட்டும், "அந்த எஃப்.எல். ஸ்டூடியோவுல கழுதையையும் பாட வைக்கலாம்ண்ணே. இது கம்ப்யூட்டர் கொரலு" என்றான். "அடேய், என் மருமவன் கொரல புடிச்சு வைப்பான், கை வைக்க மாட்டான்" என்றேன். லயத்து வீடுகளில் பாதிப் பேர் அவன் பக்கம், பாதிப் பேர் உன் பக்கம். விடுவேனா? அது கை வைக்காத என் குரல்தான் என்று மாரியம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். மாசிக் கூத்தில் காமனை எரித்ததும் அதே பாட்டை மைக்கில் பாடிக் காட்டப்போகிறேன். என் ரதி வேஷத்துக்குக் கட்ட உன் அத்தை இப்போதே சேலை தேடுகிறாள்.

உன் தாய்மாமன்,
பொன்னையா

*

வெள்ளவத்தை, கொழும்பு,
20.02.2025

அன்புள்ள மாமா,

போனில் சொல்ல வாய் வரவில்லை. கோபப்படாமல் படிங்க. நாலாவது அடியில் உங்க சுதி இறங்குது. எஃப்.எல். ஸ்டூடியோவில் அந்த இடத்தை மேலே இழுத்து நேராக்கினேன். பெரிய பாடகர்களுக்கே செய்வதுதான். நீங்க சத்தியம் வரைக்கும் போவீங்க என்று நினைக்கவில்லை.

கூத்தன்று ஸ்பீக்கரில் பாட்டைப் போடச் சொல்லுங்க. நீங்க வாயை மட்டும் அசைங்க. யாருக்கும் தெரியாது. உங்க மானத்துக்காகத்தான் சொல்கிறேன்.

உங்க,
கிஷாந்த்

*

டயகம,
18.03.2025

கிஷாந்துக்கு,

வாயை அசைக்கவில்லை. பாடினேன். நாலாவது அடி இறங்கியது. புருஷன் சாம்பலாகிக் கிடக்கிற இடம் அது. ரதிக்குத் தொண்டை கீழேதான் போகும். இருபத்திரண்டு மாசியாக அப்படித்தான் பாடுகிறேன். முன்னால் இருந்த தம்பி மகள் சுலக்ஷனா, "பெரியப்பா, ஒரிஜினல் மாதிரி வரலையே" என்றது. சனம் சிரித்தது.

மதுரன் சிரிக்கவில்லை. தப்பை இறக்கி வைத்துவிட்டு, "இதுதாண்ணே ஒங்க கொரலு" என்றான். அவனை மடக்கத்தான் நான் சூடம் அணைத்தேன். மறுநாள் கோயிலில், என் சத்தியம் பொய் என்று சொல்லி விழுந்து கும்பிட்டேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கூட்டிச் சொல்ல மனமில்லை. பதினோரு பேர்.

நாலாவது அடி இறங்குவது பிழை என்றால், உன் அறையில் பாடும்போதே "மாமா, இறங்குது" என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய். தலையை ஆட்டி ஆட்டி "சூப்பர் மாமா" என்றாய். நானும் நம்பிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் போடட்டும். பாடியவர் என்ற இடத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடு.

பொன்னையா