பஸ்ஸர் மேல் ஒட்டிய டேப்

ஆகஸ்ட் 4
உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர் சங்கத்துக்கு இந்த வருடமும் நான்தான் பொறுப்பாசிரியர். வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. சங்கம் என்றால் பேட்ஜ், குரூப் போட்டோ, சான்றிதழ் என்றுதான் இதுவரை பார்த்திருக்கிறேன். புதிய தலைவி மேடையேறினால் இறங்கமாட்டாள் என்பதால் எல்லாருக்கும் அவள் 'மைக்'. மருத்துவமனையில் பழுதாகிக் கிடக்கும், நோயாளிக்குக் குழாய் வழியாக மருந்து செலுத்தும் பம்புகளைச் சரிசெய்து தரலாம் என்கிறாள். பார்க்கலாம்.

ஆகஸ்ட் 27
ஆறு பம்புகள். குழாய் மடங்கி மருந்து நின்றுபோனால் பம்பிலுள்ள பஸ்ஸர் கத்த வேண்டும். சோதிக்கிறோம் என்று நாள் முழுக்கக் கத்தவிடுகிறார்கள். பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்து, "இது லேபா, கோழிப்பண்ணையா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம்.

செப்டம்பர் 3
சரிபார்த்தேன். ஆறிலும் சிவப்பு விளக்கு ஒழுங்காக மின்னியது. அனுப்பிவிட்டோம். பெருமையாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 19
மைக் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். ஒரு தையல்காரருக்கு ரத்த அழுத்த மருந்து போன குழாய் மடங்கியிருக்கிறது. பம்ப் கத்தவில்லை. நர்ஸ் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். ஆள் இப்போது தீவிர சிகிச்சையில், நினைவில்லாமல்.
"பம்பு பழசுன்னு அங்க பேசிக்கிறாங்க மேம். ஆனா... சத்தம் தாங்காம பஸ்ஸர் ஓட்டை மேல டேப் ஒட்டியிருந்தோம். எல்லாத்துலயும் பிரிச்சிட்டேன்னுதான் நெனச்சேன்."
விளக்கைப் பார்த்தேனே, காதைத் தீட்டினேனா?
துறைத்தலைவரிடம் போனோம். "ஆஸ்பத்திரியே கேக்கல. நாமளா போய் ஏன் மேடம் தலையக் குடுக்கணும்? இந்தப் பொண்ணுக்குக் கடைசி வருஷம் வேற."
அதில் ஏதாவது நியாயம் இருக்காதா என்று வீடு வரும்வரை தேடினேன். இருந்தால் தேவலை என்றுதான் தேடினேன்.

செப்டம்பர் 20
மற்ற ஐந்து?

விடிந்ததும் மைக்கிடம் கேட்டேன். "கெளம்பலாம் மேம்." யாரையும் கேட்காமல் கிளம்பினோம்.
எல்லாவற்றையும் சொன்னோம். மருத்துவமனைப் பொறியாளர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நான்கு சுத்தம். ஐந்தாவது குழந்தைகள் வார்டில் ஓடிக்கொண்டிருந்தது. டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்து அவளிடம் நீட்டினார். "இந்தாம்மா, உங்க சாமான்."

செப்டம்பர் 26
சங்கம் கலைக்கப்பட்டது. மைக்குக்கு ஒரு பருவம் இடைநீக்கம். எனக்கு விளக்கம் கேட்டு ஓலை. துறைத்தலைவர் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்.

அக்டோபர் 2
தையல்காரரின் மனைவியைப் பார்த்தோம். அவ்வளவு பேசுகிற மைக்குக்கு, "நாங்கதாம்மா" என்பதற்கு மேல் வரவில்லை. அந்த அம்மா அவள் பக்கம் திரும்பினார்.
"தெரியாம செஞ்சீங்க. சரி. அதுக்காக எங்கிட்ட மன்னிப்பு கேக்காத. அவரு கண்ணு முழிச்சா அவருகிட்ட சொல்லு."

அக்டோபர் 11
கண் விழித்துவிட்டார். மைக் கட்டிலருகே நின்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் கதவோரம், வழக்கம்போல. கேட்டு முடித்துவிட்டு அவர் மெல்லத் தலையைத் திருப்பினார்.
"நீங்க யாரு? பொண்ணோட அம்மாவா?"
ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும்.
"இல்லைங்க. சரிபாத்து அனுப்புனவ," என்றேன். கட்டிலருகே போனேன்.