புது வீட்டுக்கு முதல் குடித்தனம்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை. காய்ச்சலில் கிடந்த அம்மாவைப் பார்க்க வடக்கனந்தலுக்கு நடந்தே கிளம்பிய சின்னப்பொண்ணு, வயலுக்குப் போயிருந்த கணவன் பூமாலைக்குக் காலண்டர் தாளில் எழுதி வைத்தாள்.

"மாமா, பின்னாடி கட்டுன வூட்டுக்குக் குடித்தனம் வர்ற நர்ஸம்மா மலையிலேர்ந்து நடந்தே வராங்க. சாவி மாடத்துல இருக்குது. அவங்க கையால பால் காய்ச்சச் சொல்லுங்க. முன்ன வூடு கேட்டு வந்த மூணு பேரயும் விரட்டுனாப்புல இன்னா சாதின்னு கேக்காதீங்க. அதுக்குத்தான் நேத்து கோச்சிக்கினேன்."

வாசல்வரை போனவள் திரும்பிவந்து அடியில் நெருக்கி எழுதினாள்.

"நாம மொதமொதல்ல வாடகைக்குப் போனப்ப அந்த வூட்டுக்காரம்மா 'சாப்ட்டீங்களா?'ன்னு மட்டும்தான் கேட்டாங்க. அதையே கேளுங்க. களி ரெண்டு பேருக்குக் கிண்டி வெச்சிருக்கேன்."