மூன்றாம் படியில் நின்ற முறைப்பாடு

அக்கரப்பத்தனை, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி? அப்பா மாத்திரை போடுகிறாரா?

எழுத்து கோணலாக இருக்கும். வலது கையில் நான்கு தையல். சின்னக் காயம்தான், பயப்பட வேண்டாம்.

அடி வாங்கும் பெண்கள் முறைப்பாடு எழுத, ஐந்து படிகளில் ஓர் இணையப் பக்கம் செய்தேன் அல்லவா? சிக்னல் அறுந்தாலும் எழுதியதைத் தொலைபேசி நினைவில் வைத்திருக்கும். அதில் எனக்குப் பெருமை. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒரு வீட்டுக்கு ஒரே தொலைபேசி என்பதை நான் யோசிக்கவில்லை.

கொழுந்து பறிக்கும் பிரேமினி மூன்றாம் படிவரை எழுதிவிட்டு வேலைக்கு ஓடினாள். கிரிக்கெட் பார்க்க அதே தொலைபேசியைத் திறந்தான் கணவன் அழகன். ‘விட்ட இடத்திலிருந்து தொடரவும்’ என்று பக்கம் அவள் எழுதியதை அவனுக்குக் காட்டியது. அவன் அவள் தாடையை உடைத்தான். பிறகு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு எங்கள் பெண்கள் உதவி அலுவலகத்துக்கு வந்தான்.

“எவடி என் பொண்டாட்டிக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?”

மேசையை வெட்டினான். கணினியை வெட்டினான். நடுவில் என் கை இருந்தது. இப்போது அவன் பொலிஸில்.

பயத்தில் அன்றே, எழுதியது எதையும் நினைவில் வைக்காதபடி பக்கத்தை மாற்றினேன். பாதியில் நின்ற முறைப்பாடுகள் எல்லாம் அழிந்தன, அவளுடையதும். இன்று ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லி அழுதேன். அவள் கட்டுக்குள்ளிருந்து முனகினாள்.

“போனா போகுது மிஸ். அடி வாங்குனது நான்தானே, எனக்கு மறந்திருமா? மொதல்லருந்து சொல்றேன், எழுதுங்க.”

அம்மா, வறுத்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். தடித்த போர்வை ஒன்றும். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருமுறை அழையுங்கள்.

இதையும் அவள் கட்டிலருகே இருந்துதான் எழுதுகிறேன்; ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிகிறது. இன்னும் இரண்டு படிகள் இருக்கின்றன, அவள் நிறுத்தமாட்டேன் என்கிறாள்.

தயானி