ஜேசனின் பெயர் வாசிக்கப்பட்ட பூசை

முல்லைத்தீவு
10.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்துக்காக அந்தோனியாரை மன்றாடுகிறேன். போனில் கேட்டால் நீ அழுது பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கண் ஆபரேஷனுக்குச் சென்னை வந்திருந்த மாமா மகள் ஜென்சி, கல்லறைத் திருநாளன்று உன்னோடு தாம்பரம் கோயிலுக்கு வந்தாளாம். பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தபோது அப்பா பெயர், அம்மா பெயர், அடுத்து என் ஜேசனின் பெயரும் வந்ததாம். ஊருக்கு வந்ததும் வராததுமாய் என்னைக் கட்டிப்பிடித்து, "எப்ப மச்சாள் தெரிய வந்தது?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

"ஆமி பஸ்ஸில ஏத்தினதைக் கண்ணால கண்டன்" என்று சண்டை முடிந்த கையோடு நீ சொன்னதை நம்பித்தானே பதினாறு வருடமாக அவனைத் தேடுகிறேன்? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மாரோடு, அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போராட்டக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் பெயரை எழுதிக் கொடுத்தது யார்?

உன் தங்கச்சி
ரோஸி

முடிச்சூர்
24.11.2025

அன்புத் தங்கச்சி ரோஸிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே ஒரே மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். வீட்டுக்கார அம்மணி, "இன்னா செல்வம், மறுபடியும் மாடிக்கு ஏறணும்போல கீதே" என்று சொல்லிக்கொண்டே என் அரிசி மூட்டையை மேலே கொண்டுபோய் வைத்தாள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எல்லோருக்கும் பயம்.

நீ கேட்டது ஒன்றுமில்லாத விஷயம். கோயிலில் இரண்டு தாள் தருவார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று. கண்ணாடி போடாமல் எழுதினேன், மாறிவிட்டது. இதைப் போய்ப் பெரிதுபடுத்துகிறாயே. ஜென்சியிடம் கொடுத்துவிட்ட எண்ணெயைக் காலுக்குப் போடுகிறாயா?

அன்பு அக்கா
செல்வமேரி

முல்லைத்தீவு
8.12.2025

அக்காவுக்கு,

எண்ணெயை ஜென்சியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவளிடம் இன்னொரு தரம் விசாரித்தேன். அந்தத் தாளில் பெயருக்குப் பக்கத்தில் இறந்த தேதியும் எழுத வேண்டுமாம். ஃபாதர் அதையும் சேர்த்து வாசித்தாராம். 2009 மே பதினெட்டு. தாள் மாறலாம் அக்கா. தேதி எங்கிருந்து வந்தது?

ரோஸி

முடிச்சூர்
21.12.2025

என் ரோஸிக்கு,

இனி மறைக்க என்னால் முடியாது.

காலில் காயத்தோடு உன்னைச் செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றிய பிறகு ஜேசன் என்னோடுதான் இருந்தான். வட்டுவாகல் பாலம் தாண்டியதும், புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியும்படி ஆமி ஒலிபெருக்கியில் அறிவித்தது. இயக்கம் அவனைப் பிடித்துப் போய்ப் பதினெட்டு நாள் வைத்திருந்ததே, அவ்வளவுதான் அவன் இருந்தது. "வேண்டாம் பெரியம்மா" என்றான். "போய்ப் பதிஞ்சிட்டு வாடா, மறைச்சாத்தான் பிரச்சினை" என்று தள்ளிவிட்டது நான்.

பஸ் எதுவும் வரவில்லை ரோஸி. ஐந்து பேரைத் தனியே கூட்டிப்போய் முழங்காலில் இருத்தினார்கள். மூன்றாவது ஆள் நம் பிள்ளை. சுடுவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கத்தினால் என்னையும் சுடுவார்கள் என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

முகாமில் உன்னைப் பார்த்தபோது, கால் சீழ் பிடித்து, சாப்பிடவும் மாட்டேன் என்று கிடந்தாய். பஸ்ஸில் ஏற்றினார்கள் என்று சொன்னேன். அன்றைக்குத்தான் கஞ்சி குடித்தாய். பிறகு அதை எப்படி மாற்றுவது?

பரலோக மந்திரத்தில் எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதாக வரும் வரியில் இத்தனை வருடமும் நான் வாய் திறந்ததில்லை. போன தவக்காலத்தில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "மன்னிக்க மனசு வரலைன்னா, அந்த மனசைக் குடுன்னு கேளும்மா" என்றார். தினமும் கேட்டேன். ஈஸ்டர் பூசையில் அந்த வரி தானாக வாயில் வந்தது. சுட்டவனும் சின்னப் பையன்தான். அவனை மன்னித்த பிறகுதான் ஜேசனுக்காக ஒரு செபம் சொல்ல முடிந்தது. செத்த பிள்ளைக்குச் செபமும் இல்லாமல் போகக்கூடாது என்றுதான் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

நீ என்னை மன்னிப்பாயா?

பாவி
செல்வமேரி

முல்லைத்தீவு
14.1.2026

செல்வமேரிக்கு,

உன் கடிதத்தைக் கொட்டகையில் வைத்துத்தான் வாசித்தேன். பாதியில் தாளை நீட்டிவிட்டேன். மிச்சத்தை ரமா வாங்கி வாசித்தாள். மகன் சரணடைந்ததைப் பார்த்தவள் அவள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு தகவலும் இல்லை. வாசித்து முடித்து, மடித்து என் கையில் தந்துவிட்டுச் சொன்னாள்: "நீ குடுத்து வைச்சனி ரோஸி. உனக்கு ஒரு திகதியாவது கிடைச்சிட்டுது."

நீ கண்டதை ஃபாதரிடம் சொன்னாய். இனி எங்கள் சட்டத்தரணியிடம் சொல். இடம், நேரம், எத்தனை பேர், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவருக்கு அனுப்பு. விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. எனக்கு இனி எழுத வேண்டாம்.

சுட்டவனை மன்னித்தாயாம். யாரைக் கேட்டு மன்னித்தாய்? பெற்றவள் நான் உயிரோடுதானே இருக்கிறேன்? ஆனாலும் மாதா மனது வைத்தால் அவனை நானும் ஒருநாள் மன்னிக்கக்கூடும். அவனுக்கு என்னைத் தெரியாது.

நீ என் அக்கா. இந்தியாவுக்குப் போன நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து, "ஜேசனைப் பற்றி ஏதும் தகவல் வந்ததா?" என்று முதலில் கேட்டது நீதானே?

ஜேசனின் அம்மா